குளிர்காலத்தில் தண்ணீர் கூடாது

பத்தொன்பது தொட்டிகளில் பதினெட்டு காய்ந்து கிடந்தன. பத்தொன்பதாவது ஈரமாக இருந்தது.

பசானி விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது நகத்தைச் சுற்றி மணல் அப்பியிருந்தது. முகர்ந்தாள். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையின் வாடை. ஜூன் மாதம் பாதி போயிருந்தது; பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது நடுக் குளிர்காலம். லெத்தாபா ஆறே நடுவில் ஒரு கயிறு மாதிரி மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது; முற்றத்துப் புழுதி காலை வெயிலில் மாவாகப் பறந்தது. ஏப்ரல் கடைசியில் அவள் எல்லாத் தொட்டிகளுக்கும் தண்ணீரை நிறுத்தியிருந்தாள். அதன்பிறகு வானத்திலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

இம்பாலா லில்லி அப்படிப்பட்ட செடி. கோடை மழையில் குடித்ததையெல்லாம் பானை போல் பருத்த அடித்தண்டுக்குள் வைத்துக்கொண்டு, குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளைகளோடு நிற்கும். அந்த மொட்டைக் கிளைகளின் நுனியில்தான் பூக்கும், வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட பூ. அந்த மாதங்களில் இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். பசானி இவற்றை விதையிலிருந்து வளர்த்தவள். காய் வெடித்து விதை காற்றில் பறந்துவிடாமல் நூலால் கட்டி வைத்து, முற்றியதும் எடுத்து, மணலில் படுக்கப் போட்டு முளைக்க வைத்தாள். மகள் இறந்த வருடம் அது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்த வருடம்.

"என்னக்கா, செடிக்கு நாடி பாக்குறியா?"

மிசவேனி தலையில் தண்ணீர் வாளியோடு வேலியோரம் நின்றிருந்தாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள், ஆறு வயது இளையவள். தெருக்குழாயிலிருந்து திரும்பும்போது தினமும் இங்கே வாளியை இறக்கி வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் உட்கார்ந்து, பசானியை ஏதாவது சீண்டிவிட்டுத்தான் போவாள்.

"நீ இதுக்குத் தண்ணி ஊத்துனியா?"

"நானா? செடியைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொன்னவ நீ. ஆடு ஏதாவது பேஞ்சிருக்கும்."

"ஆட்டு மூத்திரம் இந்த மாதிரியா வாடை அடிக்கும்?"

"மோந்து வேற பாத்தியா?" மிசவேனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இதைச் சொல்லிடுறேன் இரு."

பிறகு சிரிப்பு அடங்கி, வாளியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஈஸ்டருக்கு நீ குடுத்தியே ஒரு செடி, அது ஒரு மாதிரி சுருங்கிப் போச்சுக்கா. தோலெல்லாம் மடிப்பு மடிப்பா. ஒரே ஒரு குவளை ஊத்தட்டுமா?"

"ஊத்தாத. செப்டம்பர்ல தளிர் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது."

"பாத்தா பாவமா இருக்கு."

"பாவம் பாத்துப் பாத்துதான் எல்லாரும் சாகடிக்கிறாங்க. அது வாய்விட்டுக் கேட்டாலும் குடுக்காத."

"கேட்டாலுமா?"

"கேட்டாலும்தான்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். மிசவேனியும் சிரித்தாள், ஆனால் சற்றுத் தாமதமாக. வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் போன பிறகும் பசானி கையிலிருந்த மணலைத் துடைக்காமல் நின்றாள். அந்தச் சொற்களை இதே குரலில், இதே உறுதியோடு, முன்பும் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று யோசிக்க அவள் தன்னை விடவில்லை. தொட்டியை வெயில் விழும் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளும் அது ஈரமாக இருந்தது. அதற்கு மறுநாளும்.

அந்த வாரத்தில்தான் சமையலறை வாளி குறைவதைக் கவனித்தாள். காலையில் விளிம்பு வரை பிடித்து வைத்தால் மதியம் களி கிண்டப் போகும்போது இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். கணவன் வுகோசி தாமிரச் சுரங்கத்தில் வேலை செய்தான், சனிக்கிழமை வந்து ஞாயிறு போவான். மற்ற நாட்களில் வீட்டில் அவள் ஒருத்திதான். வாளியில் விரிசல் இல்லை. தரை காய்ந்திருந்தது. குவளை அதன் ஆணியில் தொங்கியது.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் வாசற்படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். காற்று நின்றிருந்தது, தகரக் கூரை வெயிலில் சூடேறி அவ்வப்போது டக் டக்கென்று சத்தமிட்டது, எங்கோ ஒரு புறா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது, பக்கத்துக் காட்டில் யாரோ எரித்த மொபானி விறகின் புகை, கசப்பும் இனிப்புமாக, முற்றத்தின் மேல் அசையாமல் தொங்கியது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்டது. கடலைத் தோல் நொறுங்கும் சத்தம் என்று முதலில் நினைத்தாள். கையை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. வீட்டின் பின்புறம், தொட்டிகள் இருக்கும் சுவரோரம். மடக். மடக். மடக். தாகத்தோடு ஓடி வந்த குழந்தை இரண்டு கைகளாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடிக்கும் சத்தம். கடைசியில் அந்தப் பெருமூச்சு. குடித்து முடித்தவுடன் வருகிற சின்ன 'ஹா'.

மடியிலிருந்த கடலை கொட்டியது.

பின்பக்கம் யாரும் இல்லை. பெருக்கிய மண்ணில் அவளுடைய காலடிகளைத் தவிர வேறு தடம் இல்லை. பத்தொன்பதாவது தொட்டி மட்டும் விளிம்பு வரை கருத்து நனைந்திருந்தது.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது பழக்கம். இப்படி நனைந்தால் செடி செத்துவிடும். அன்று மாலை வாளிக்கு மூடி போட்டு, மூடி மேல் மாவு இடிக்கும் கல்லை வைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் கல் அப்படியே இருந்தது, தண்ணீர் இறங்கியிருந்தது. வாளியைத் தூக்கிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். அன்று மாலை விரலை விட்டுப் பார்த்தபோது மண் சற்றே உலரத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை வந்த வுகோசி கை கழுவத் தண்ணீர் தேடினான்.

"வாளி ஏன் படுக்கையறையில இருக்கு?"

"பூனை வாய் வைக்குது."

"நம்ம தெருவுல ஏது பூனை?"

அவன் பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றான். அவள் போய்ப் பார்த்தபோது அந்தத் தொட்டி முன் குந்தியிருந்தான். சேர்ந்து முளைத்த மற்ற செடிகள் முழங்கை பருமன். இது மட்டும் ஒரு குழந்தையின் வயிறு போல் உப்பி, தோல் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. கிளை நுனிகளில் பச்சைத் தளிர். ஜூன் மாதத்தில் தளிர்.

வுகோசி பெருவிரலால் தண்டை அழுத்திப் பார்த்தான். அழுகல் இல்லை, கெட்டியாக இருந்தது. தொட்டியைச் சாய்த்து, செடியை வேரோடு உருவி, மடியில் கிடத்திக்கொண்டு வேர்களைப் பிரித்தான். பிறகு அதிலிருந்து உதிர்ந்த மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். வெள்ளை மணல். மாவு போல் நைஸ்.

"மணல் எங்க அள்ளுன?"

"ஆத்துலதான்."

"ஆத்துல எங்க?"

"கீழ வளைவுல. போன வருஷம் தொட்டி மாத்துறப்போ. புது மணல் மேடு போட்டிருந்துச்சே, தள்ளுவண்டியில அஞ்சாறு நடை..." அவள் பேச்சு தானாக நின்றது.

பிள்ளைகள் இறந்த வருடத்து வெள்ளத்துக்குப் பின் வந்த இரண்டாவது வெள்ளம் போட்ட மணல் மேடு அது. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த அந்த வெள்ளம் மேல் வளைவில் இடுகாட்டின் கரையை அரித்துக்கொண்டு போனது. கரையோரம் இருந்தவை சின்னக் குழிகள். சின்னக் குழிகள் என்பதால் இடம் கிடைத்த இடத்தில், கரையோரமாகத் தோண்டியிருந்தார்கள். இரண்டு. அவள் மகள் ரிவோ. மிசவேனியின் மகன் டியானி.

வுகோசி செடியைத் திரும்பத் தொட்டிக்குள் வைத்தான். மண்ணை அமுக்கவில்லை, விரல் நுனிகளால் பரப்பி மட்டும் விட்டான். கையைக் கழுவாமலே எழுந்தான்.

"அடுத்த சனிக்கிழமை செடி வாங்க சுற்றுலா விடுதி வண்டி வருதில்ல? எல்லாத்தையும் ஏத்தி விட்டுடு. இதையும்."

"இது அவங்க கேட்டதுல இல்ல."

"ஏத்தி விட்டுடு, பசானி."

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். போகும்போது தொட்டிகளின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனான்.

செவ்வாய்க்கிழமை மண் நன்றாகக் காய்ந்துவிட்டது. உச்சிவெயிலில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கூரைத் தகரத்துக்கு அடியில் காற்று முனகுவது போல ஒன்று கேட்டது.

"ம்மா."

கையில் ஈரத்துணி. அதிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் விழுந்தது. சொட்டு விழும் சத்தம் நின்றதும் மறுபடி.

"ம்மா. தண்ணி."

பசானி துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டரை வருடமாக யோசிக்காமல் தள்ளி வைத்திருந்ததை யோசித்தாள்.

அது ஜனவரி. மூன்று நாள் விடாத மழை. தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆறு பெருகிச் சாலை அறுந்து போயிருந்தது, மருத்துவமனைக்குப் போக வழியில்லை. தெருவில் ஐந்தாறு வீடுகளில் காலரா. பசானி பத்தாவது வரை படித்தவள், சர்ச்சில் வேதம் வாசிப்பவள், அதனால் என்ன செய்வது என்று அவளிடம்தான் வந்து கேட்டார்கள். மிசவேனி மழையில் நனைந்தபடி, நாலு வயது டியானியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நிக்காமப் போகுது. என்ன பண்ணட்டும்?"

"தண்ணி மட்டும் குடுத்துடாத. குடுக்கக் குடுக்க வெளியதான் போகும். வயிறு காயணும்."

"கேட்டு அழுவுறான்க்கா."

"கேட்டாலும் குடுக்காத."

சின்ன வயதில் யார் வாயிலோ கேட்டது. அதைத் தன் வீட்டிலும் அப்படியே செய்தாள். ரிவோவுக்கு ஆறு வயது. கண்கள் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. கூரை முழுக்கத் தண்ணீர், முற்றம் முழுக்கத் தண்ணீர், கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்டாள். "ஒரே ஒரு வாய்ம்மா. முழுங்க மாட்டேன். வாயில வச்சுக்கிறேன்." பசானி ஒரு துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். குழந்தை அதை உறிஞ்சத் தொடங்கியதும் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

விடியும் முன் ரிவோ போய்விட்டாள். மறுநாள் மதியம் டியானி.

அதற்கும் மறுநாள் படகில் ஒரு நர்ஸ் வந்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களைப் பிரித்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். "குடுத்துக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தாலும் குடுங்க. தண்ணி வத்திப் போய்த்தான் பிள்ளைங்க சாவுது." தெருக்கோடி வீட்டுப் பையன் பிழைத்திருந்தான், அவன் அப்பன் குடித்துவிட்டுக் கிடந்ததால் பையன் பீப்பாயில் வாய் வைத்துக் குடிப்பதைத் தடுக்க ஆளில்லை. எல்லாரும் நர்ஸைச் சுற்றி நின்றார்கள். மிசவேனி இல்லை. அவள் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் வெளியே வரவில்லை. நர்ஸ் சொன்னதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. செத்த குழந்தையின் தாயிடம் போய் அதை யார் சொல்வார்கள்? சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். அவள் நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். பிறகு மிசவேனி தினமும் வந்து பீப்பாயில் உட்கார்ந்து சிரிக்க வைக்கத் தொடங்கிவிட்டாள். அதன்பிறகு சொல்லவே முடியவில்லை.

புதன்கிழமை மிசவேனி வரவில்லை. வியாழனும் வரவில்லை. இடுப்பு முடிச்சில் சாவி உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் குரல் மதியத்துக்குக் காத்திருக்கவில்லை இப்போது. காலையில் கேட்டது. பாத்திரம் கழுவும்போது கேட்டது. அழுகை இல்லை, அடம் இல்லை. அன்றைக்குப் போலவே, சக்தியில்லாமல், மரியாதையாக. ஒரு வாய். ஒரே ஒரு வாய். தண்டின் உப்பல் வற்றி, தோல் தொங்கத் தொடங்கியிருந்தது. தளிர்கள் சுருண்டன. குளிர்காலத்தில் தண்ணீர் விட்டால் செடி செத்துவிடும் என்று பசானி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். காதில் கேட்டது தன் குரல்தானா என்று சந்தேகம் வந்தது. நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. நாளைக் காலை வண்டி.

"முழுங்க மாட்டேன்ம்மா."

பசானி சாவியை எடுத்தாள். கதவைத் திறந்தாள். வாளியைப் பின்பக்கம் தூக்கி வந்தாள், பாதி காலில் சிந்தியது. மண்டியிட்டுக் குவளையால் மொண்டாள்.

"முழுங்கிக்கோ," என்றாள். "முழுங்கிக்கோ, கண்ணு. எவ்வளவு வேணும்னாலும்."

ஊற்றினாள். மணல் அதை இழுத்துக்கொண்டது. மடக். மடக். மறுபடி ஊற்றினாள். வாளியில் கால்வாசிதான் மீதி இருந்தது. தண்டின் தோல் கண்ணெதிரே நிறைந்து இறுகியது. குளிர்ந்திருந்த அந்தத் தோலின் மேல் பசானி கன்னத்தை வைத்துக்கொண்டாள். கன்னம் பட்டு உடைந்த தளிர் நுனியிலிருந்து வழிந்த பால் அவள் கழுத்தில் பட்டு எரிந்தது. விஷப் பால், அம்பு நுனியில் தடவுவது. அவள் துடைக்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். உள்ளே அந்தச் சின்னப் பெருமூச்சு. ஹா.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

"ம்மா."

"சொல்லு."

"டியானிக்கு?"

பசானி தலையைத் தூக்கினாள்.

"அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்ம்மா. நீ சொன்னாத்தான் அவங்கம்மா குடுப்பாங்களாம்."

ஈஸ்டருக்குக் கொடுத்த செடி. அதுவும் அதே மணல்.

குவளையில் இருந்த தண்ணீரோடு அப்படியே ஓடினாள். வேலியைத் தாண்டி, தெருவுக்கு வந்து, முதல் வீடு, இரண்டாவது வீடு. மாலை அடுப்புகளின் புகை தாழ்வாகப் படிந்திருந்தது. தண்ணீர் மணிக்கட்டில் சிந்தியது. உள்ளங்கையால் குவளையை மூடிக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டரை வருடமாகத் தெரிந்திருந்தது.

மிசவேனி முற்றத்தில் அடுப்பின் முன் நின்று களி கிண்டிக்கொண்டிருந்தாள். முற்றம் புதிதாகப் பெருக்கியிருந்தது. முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, எதற்கோ தயாரானவள் போல் இருந்தாள்.

"வாக்கா. மோப்பம் பிடிச்சு வந்துட்டியா? சாப்பிட்டுட்டுப் போ."

"மிசவேனி, செடி எங்க?"

"இரு, இது அடிப்பிடிச்சிடும்."

கதவோரம் தொட்டி இருந்தது. கவிழ்ந்து கிடந்தது. வெள்ளை மணல் வெளியே கொட்டி, நடுவில் ஒரு குழி. அதில் செடி இல்லை.

"தண்ணி குடு," என்றாள் பசானி. மூச்சு வாங்கியது. "குடுக்கலாம். நான் சொன்னது தப்பு. இப்ப சொன்னதும் தப்பு. அன்னைக்கு சொன்னதும் தப்பு. அன்னைக்குக் குடுத்திருக்கணும், மிசவேனி. நர்ஸு சொன்னா. குடுத்திருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும். நான் உன்கிட்ட சொல்லல."

துடுப்பு களிக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மிசவேனியின் முகம் மாறவில்லை. காது கேட்காதவள் போல, அல்லது வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருப்பவள் போல.

"கேட்டான்க்கா," என்றாள் மெதுவாக. "ஈஸ்டர் முடிஞ்சதுலேர்ந்து கேட்டான். ராவும் பகலும். ஒவ்வொரு தடவையும் குவளையை எடுத்துக்கிட்டுப் போவேன், அப்புறம் வச்சிடுவேன். உனக்குத் தெரியாது, போன தடவை மனசு கேக்காம ரெண்டு வாய் குடுத்துட்டேன். நீ அவ்வளவு சொல்லியும். அதனாலதான் போயிட்டான்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூட."

"இல்ல. இல்லடி. அதனால இல்ல."

"இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல."

பசானி குவளைக்குள் பார்த்தாள். அடியில் இரண்டு வாய் தண்ணீர் இருந்தது.

"ரெண்டு நாளா அழுகையே இல்லக்கா. நல்லாத் தூங்குறான். நீ சொன்னது சரிதான்."

அப்போதுதான் பசானி பார்த்தாள். மிசவேனியின் மார்பில் துணி முடிச்சுப் போட்டிருந்தது. பிள்ளை சுமக்கும் முடிச்சு. டியானிக்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை.

"மிசவேனி. திரும்பு."

"மெதுவாப் பேசு."

"திரும்புடி. இந்தத் தண்ணியைக் குடு அவனுக்கு."

மிசவேனி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். முதல் முறையாக அவள் கண்ணில் பயம் தெரிந்தது. முதுகில் இருப்பதை எண்ணி அல்ல, குவளையைப் பார்த்து. "வேணாம்க்கா. குடுத்தாப் போயிடுவான்."

பிறகு குரல் தணிந்து, பழைய சிரிப்பு லேசாகத் திரும்பி வர, "நீயே பாரேன், தூங்குறானான்னு. என்னால தலையைத் திருப்ப முடியல. கழுத்தை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கான்," என்று சொல்லி முதுகைக் காட்டி நின்றாள்.

துணிக்குக் கீழே, இடுப்பின் இரண்டு பக்கமும், கால்கள் போல இரண்டு தொங்கின. சாம்பல் நிறம். தண்ணீர் வற்றி மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய தோல். அவற்றின் நுனிகள் மண் ஒட்டிய மெல்லிய வேர்களாகப் பிரிந்திருந்தன. வலப்பக்கம் ஐந்து. இடப்பக்கம் ஐந்து. தோளுக்கு மேலாக, கிளை போல் காய்ந்த ஒன்று வளைந்து வந்து மிசவேனியின் தொண்டையைச் சுற்றியிருந்தது.

அடுப்புச் சூட்டில் அவள் பிடரியில் வியர்வை அரும்பியிருந்தது. துணியின் மேல் விளிம்பில் ஒரு சின்னத் தலை அசைந்தது. அது தூங்கவில்லை. வெடித்த உதடுகளைத் திறந்து, சத்தம் வராமல், அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது போல அவ்வளவு கவனமாக, அந்த வியர்வையை ஒவ்வொரு துளியாகத் தேடித் தேடி உறிஞ்சிக்கொண்டிருந்தது.